தொப்பி போட்ட எழுத்து

"உங்க ஆப் மறுபடியும் ஆளைத் தொலைச்சிடுச்சு சார்."

நாலாவது மாடி வரை படியேறி வந்த, ஆப்பில் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டர் பெண், கையிலிருந்த போனை புரோகிராமரின் மேசைமேல் வைத்தாள். அவன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் சிரித்துவிடுவான்.

"யாரை?"

"அதே டாக்டர் ரெனேதான். ஆங்கிலத்துல அவர் பேரோட கடைசி எழுத்து மேல ஒரு சின்னக் கோடு இருக்கு. கோட்டோட தேடினா வர்றார். கோடில்லாம தேடினா அப்படி ஒருத்தரே இல்லேங்குது."

"கோடு போட்டா அது வேற எழுத்து. அப்போ வேற ஆள்."

"நாளைக்கு நீங்க தொப்பி போட்டுட்டு வந்தா, வேற ஆள்னு வாசல்லயே நிறுத்திடலாமா?"

"நான் தொப்பி போடறதில்லை."

"அவசரத்துல டாக்டர் நம்பர் தேடறவங்க, கோடு எங்கே இருக்குன்னு தேடிட்டிருப்பாங்களா?"

"சரி, பார்க்கறேன்."

"இதோட பதினோரு தடவை பார்த்துட்டீங்க. கண் டாக்டர் நம்பர் வேணும்னா எடுத்துத் தரட்டுமா? அவர் பேர்ல கோடு இல்லை."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உண்மையில் பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. இரண்டு பெயர்களை ஒப்பிடுவதற்கு முன்னால், எழுத்தின் தலைமேல் இருக்கும் கோட்டையும் புள்ளியையும் இரண்டிலும் எடுத்துவிட்டால் போதும். இரண்டே வரி. டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

முடித்துவிட்டால் அவள் எதற்கு மாடியேறி வருவாள்? அதனால்தான் மூன்று வாரமாக, 'இது பிழையல்ல' என்று எழுதித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். அவளும் சளைக்காமல் ஏறி வந்தாள். வேலையில் இவ்வளவு அக்கறையுள்ள பெண்ணை அலைக்கழிக்கிறோமே என்று அவ்வப்போது மனசு குத்தும். மறுநாள் படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அது சரியாகிவிடும்.

மதியம் மேலாளர் வந்தார்.

"அந்தத் தேடல் விஷயத்தை இன்னிக்கு முடிச்சிடுப்பா. திங்கட்கிழமை ஆப் வெளியே போகுது. டெஸ்டிங் பொண்ணையும் அடுத்த தெரு ஆபீசுக்கு மாத்தணும். இந்த ஒண்ணுக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

"அடுத்த தெருவுக்கா சார்?"

"ஏன், ரொம்பத் தூரமா?"

"இல்ல சார்."

ஆறு நிமிட நடைதான். ஆனால் அங்கிருந்து இங்கே வருவதற்கு ஒரு கோடு போதாது.

கீழே போய் அவளிடம் நேராகச் சொல்லிவிடலாமா என்று யோசித்தான். என்னவென்று சொல்வது? உன்னை வேண்டுமென்றே படியேற வைத்தேன் என்றா?

வேறு வழியில்லாமல், மூன்று வாரத்தில் முதல் தடவையாக அந்தத் தேடலுக்கான நிரல் இருந்த கோப்பைத் திறந்தான். வேலையை விட்டுப் போன யாரோ எழுதியது. அதில் யார் யார் கை வைத்தார்கள் என்று பழைய மாற்றங்களின் பட்டியலைப் பார்த்தான்.

அவன் எழுத வந்த அதே இரண்டு வரிகள் முன்பு அங்கே இருந்திருக்கின்றன. சரியாக மூன்று வாரத்துக்கு முன்னால் நீக்கப்பட்டிருக்கின்றன. நீக்கியவர் என்ற இடத்தில் அவள் பெயர். பக்கத்தில், காரணம் எழுத வேண்டிய கட்டத்தில்:

'நாலாவது மாடிக்கு வர வேற சாக்கு கிடைக்கலை. முதல் நாளே இதைப் பார்த்துடுவீங்கன்னு நம்பறேன்.'