தவணை தவறாதவர்

“எனக்கா தவணையில போன் கிடையாது? நாப்பது வருஷத்துல ஒரு தவணை தவறினதில்லம்மா!” ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் போன் கடையின் தரையில் கைத்தடியைத் தட்டினார். “எங்க வம்சத்துலயே பொய்க் கையெழுத்துப் போட்டவன் கிடையாது.”

“உங்க கடன் கணக்கெல்லாம் பத்தரை மாத்துத் தங்கம் சார். ஆனா...” கடைப்பெண் தயங்கினாள். “போன மாசம் நீங்க இறந்துட்டதா பேங்க்ல பதிவாகியிருக்கு. உங்க வீட்டைப் பேர் மாத்த யாரோ இறப்புச் சான்றிதழ் குடுத்திருக்காங்க.”

திரையைத் திருப்பிக் காட்டினாள். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் அவருடைய ஒரே மகனின் பெயர் இருந்தது.

“போலீஸ்ல சொல்லுங்க சார். ரெண்டே நாள்ல ஆளைப் பிடிச்சிடுவாங்க.”

பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். மேசையிலிருந்த தன் அடையாள அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

“பதிவு சரிதாம்மா. இது என் தம்பியோட அட்டை, மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். அவன் செத்துத்தான் போயிட்டான்.”