மேலே வந்தவன்

புயலில் சொந்தங்களைக் கடலுக்குப் பறிகொடுத்தவர்கள் மாதா கோயில் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் மூச்சுப் பயிற்சி. பிறகு ஒவ்வொருவராக மனம்விட்டுப் பேச வேண்டும். கவிழ்ந்த வள்ளத்துக்கு அடியில் தம்பி கஸ்பாரோடு சிக்கி, தனியாகக் கரை சேர்ந்த சிலுவை இதுவரை வாயே திறந்ததில்லை.

"இழுத்த மூச்சை உள்ளேயே நிறுத்துங்க," என்றாள் யோகா டீச்சர். "இப்போ மெல்ல விடுங்க."

எல்லோரும் விட்டார்கள். சிலுவை விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது. டீச்சர் ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"விட்டுருங்கண்ணே."

அவன் மாட்டேனென்று தலையை ஆட்டினான். கடைசியில் மூச்சு தானாகவே பிய்த்துக்கொண்டு வெளியேறியது. தரையில் கையூன்றி இரைத்தான்.

"இண்ணைக்கும் அவன விட்டுட்டு நான் மேல வந்துட்டேன்," என்றான்.

பிறகு, மறுபடியும் மூச்சை இழுத்து வாயை இறுக மூடிக்கொண்டான்.