நாலாவது தடவை

“இது என்ன பலகை, சொல்லு பார்ப்போம்.”

அவர் விரல் வைத்த படத்தில் ஒரு கார் இருந்தது. அதன் பின்னால் பாம்பு போல நெளிந்து இரண்டு கோடுகள். மனைவி புத்தகத்தை வாங்கித் தூர வைத்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள்.

“ஓட்டுறவர் குடிச்சிருக்காரு, ஒதுங்கிப் போங்கன்னு அர்த்தம்.”

ஆர்.டி.ஓ. ஆபீசில் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவருக்கு மட்டும் அழுகை வரும் போலிருந்தது.

“வழுக்குற ரோடும்மா. காலையில கிளம்புறப்பகூட பத்து தடவை சொன்னேன்ல?”

“சொன்னீங்க. மண்டையில நிக்க மாட்டேங்குதே, நான் என்ன பண்ண?”

பழகுநர் உரிமத் தேர்வுக்கு அவள் உட்காரப் போவது இது நாலாவது தடவை. கணினியில் பதினைந்து கேள்விகள், ஒன்பது சரியாக இருந்தால் போதும். மூன்று தடவையும் ‘தேர்ச்சி இல்லை’ என்று அச்சடித்த சீட்டோடு வெளியே வந்து நின்றாள். தெருவில் பாதிப் பேருடைய போன் நம்பரை மனப்பாடமாகச் சொல்பவளுக்கு இந்தப் பலகைகள் மட்டும் எப்படித் தலையில் ஏறாமல் போகும் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

அவருக்கு அவசரம். கம்பெனியில் தன்னைத் தூரத்துக் கிளைக்கு மாற்றப் போகிறார்கள், எப்போது வேண்டுமானாலும் கிளம்ப வேண்டியிருக்கும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். மகளின் பள்ளிக்கூடம் பதினோரு கிலோமீட்டர், அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அவர் இல்லாத வீட்டில் நிற்கும் காரை எடுக்க இவளை விட்டால் வேறு ஆளில்லை. இந்த முதல் சீட்டு கையில் வந்தால்தான் ஸ்டியரிங்கையே தொட விடுவார்கள்.

அறையில் மின்விசிறி ஓடவில்லை. எல்லோரும் கையிலிருந்த படிவத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கும் போச்சுன்னா?” என்றார்.

“இன்னொரு தேதி குடுப்பாங்க. வருவோம்.” கடைத்தெருவுக்குப் போய்வருவது போலச் சொன்னாள்.

அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மற்றவர்கள் திரையை முறைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தார்கள். அவள் ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படித்தாள், யோசிக்காமல் தொட்டாள். ஓட்டத் தெரியாதவள் பக்கத்தில் உட்கார்ந்தவர் போல அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டே இருந்தது.

நாலே நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டாள்.

“போச்சுங்க” என்று சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெளியே படிக்கட்டுக்குப் போனாள்.

அவர் கவுண்டரில் இருந்த பெண் அதிகாரியிடம் போனார். இதுவரை யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை.

“மேடம், கொஞ்சம் பார்த்துப் பண்ணக் கூடாதா? ஒண்ணு ரெண்டு மார்க்குலதான் போயிருக்கும்.”

அதிகாரி திரையில் எதையோ தேடிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

“ஒண்ணு ரெண்டா? நாலு தடவையும் சேர்த்து அறுபது கேள்வி, சார். அறுபதும் தப்பு.”

“அவ்வளவு மக்கா அவ?”

“யாரு மக்கு? ஒரு கேள்விக்கு மூணு பதில் இருக்கு. எங்க வாட்ச்மேனைக் கண்ணைக் கட்டி உட்கார வெச்சாக்கூட ஒரு இருபது பதிலாவது சரியா விழும். அறுபதுல ஒண்ணுகூட சரியா விழாம பார்த்துக்கணும்னா, அறுபதுக்கும் சரியான பதில் எதுன்னு தெரிஞ்சிருக்கணும்.”

அவர் கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்கிட்ட ஏன் கெஞ்சுறீங்க? உங்க வீட்டம்மாவையே கேளுங்க” என்று அதிகாரி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

படிக்கட்டில் அவளுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். எதிர்த் திடலில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தார்கள். அது உறுமியது, குலுங்கியது, நின்றுபோனது. மறுபடி கிளம்பி மறுபடி நின்றது.

“எல்லாத்துக்கும் பதில் தெரியும், இல்ல?”

“தெரியும்.”

“கார் ஓட்டப் பயமா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்புறம் என்னடி? நான் கிளம்பிப் போயிட்டா பிள்ளையை யாரு கூட்டிட்டுப் போவா? ஏன் இப்படிப் பண்றே?” கோபப்படத்தான் நினைத்தார், அதற்குக்கூடத் தெம்பில்லை.

அவள் திடலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“எனக்கு லைசென்ஸ் கிடைக்கிற வரைக்கும் கேன்சர் ஊசி போட்டா போதும், அப்புறம் நிறுத்திடுங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களாமே.”