இறுகிய முடிச்சு

நாச்சிமுத்துவுக்கு மூக்கு இருந்தது பேருக்குத்தான். நூல் மில்லின் பஞ்சுத் தூசி அதை எப்போதோ அடைத்துவிட்டதால், தூக்கத்தில் வாயைப் பிளந்துதான் மூச்சு விடுவான். வாயால் மூச்சு விட்டால் நெஞ்சு கெட்டுப்போகும் என்று கைப்பேசியில் யாரோ பேசியதைக் கேட்டதிலிருந்து, நைட் ஷிப்டு முடிந்து அவன் படுக்கும்போதெல்லாம் மனைவி ருக்குமணி ஒரு வெள்ளைத் துணியை முகவாய்க்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிந்துவிடுவாள்.

“மூச்சு முட்டுது புள்ள.”

“வாய மூடிட்டுத் தூங்குங்க மாமா. மூக்கு தன்னால தெறந்துக்கும்.”

தூக்கத்திலேயே அதை இழுத்து எறிந்துவிடுவான். அன்றைக்குச் சளி மாத்திரை போட்டு அசந்து படுத்திருந்தான். இன்றைக்காவது அவிழாமல் இருக்கட்டும் என்று அவள் முடிச்சை இறுக்கினாள்.

மத்தியானம் சோற்றுக்கு எழுப்பப் போனவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கையில் கிழித்த வேட்டித் துணியோடு வந்த அவனுடைய பெரியப்பா, தலைமாட்டில் குனிந்து பார்த்துவிட்டுத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“ஒடம்பு வெறைக்கறதுக்கு முன்னாலயே தாடையக் கட்டிப்போட்டீங்களே, நல்லதாப் போச்சு. ஆரு கட்டுனது, கண்ணு?”

பெண்கள் ருக்குமணியைப் பார்த்தார்கள். அவளுடைய அழுகை நின்றுபோயிருந்தது. பெரியப்பா பஞ்சைத் திரியாக உருட்டி அவன் மூக்கில் வைத்தார். அது உள்ளே போகவில்லை. ருக்குமணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் அதன் வழியாக வந்து வந்து போனது.