கூப்பிட வேண்டியவர்

ஊரைக் காப்பாற்ற மதகைத் திறந்துவிட்டதில், சதுப்பு நிலத்தை ஒட்டிய வீடுகளின் வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது. வெளியூர்ப் படகுக்காரன் துடுப்புப் போட, வெள்ளத் தடுப்பு அதிகாரி படகில் விறைப்பாக நின்று மைக்கில் முழங்கினார்.

"பொதுமக்கள் உடனடியாக மேட்டுப் பகுதிக்குச் செல்லுமாறு இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது!"

மற்ற வீடுகள் காலியாகிவிட்டன. கடைசி வீட்டு ஜன்னலில் நின்ற பெண் மட்டும் அசையவில்லை.

"என் வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்."

அதிகாரி சட்டப் பிரிவையும் சேர்த்து மறுபடி முழங்கினார். அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது.

படகுக்காரன் துடுப்பை நிறுத்தினான். "பாவம் சார். பொண்டாட்டியத் தனியா விட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சானோ அந்த ஆளு!"

அதிகாரி மைக்கைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார்.

"நான்தாம்மா. நாலு நாளா ஆபீசே கதின்னு கிடந்துட்டேன், தப்புதான். உன்னை நினைச்சா பயமா இருக்கு. வந்துடும்மா."

படகுக்காரன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கதவு உடனே திறந்தது. அவள் ஒரு பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"பாத்துப் பிடிங்க. காலையிலயே கட்டி வெச்சுட்டேன். உங்க மாத்துத் துணியும் இதுலதான் இருக்கு."