கட்டு காய்ந்த பிறகு

"பொண்டாட்டி கைய ஒடிச்சுட்டு, நீயே கூட்டிக்கிட்டும் வந்திருக்கியா?"

நர்ஸ் சுஜாதா கேட்டதும் ஜக்கையன் முகக்கவசத்தை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். பக்கத்தில் அவன் மனைவி வீரலட்சுமி, வலது கையைத் துண்டில் தொங்கப்போட்டு நின்றாள்.

கொரோனா இரண்டாவது அலை நேரம். போடியில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் பாதிக் கட்டிலுக்கு மேல் கொரோனாவுக்கே போய்விட்டது. எலும்பு முறிவில் அவசரமானதை மட்டும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். எது அவசரம் என்று வாசலிலேயே பார்த்துப் பிரிப்பது சுஜாதாவின் பொறுப்பு. அதில் அவள் ரொம்பக் கறார். முந்தாநாள் கை ஒடிந்து வந்த ஜீப் டிரைவர் முத்துப்பாண்டியை, குடும்பத்துக்குச் சம்பாதிக்கிற ஆள் என்று உடனே சேர்த்தாள். பொம்பளைகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம்.

ஆனால் புருஷன் அடித்தான் என்றால் அது போலீஸ் கேஸ். யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.

எப்போது அடித்தான் என்று கேட்டாள். முந்தாநாள் என்றாள் வீரலட்சுமி. சுஜாதாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு நாளா வலியில துடிக்க விட்டிருக்கான். மனுஷனா இவன்?"

வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு வார்த்தை ஏசினார்கள். முத்துப்பாண்டி கட்டுப் போட்ட கையோடு ஜன்னலில் எட்டிப் பார்த்துக் காறித் துப்பப் போனவர், முகக்கவசம் போட்டிருந்ததால் விட்டுவிட்டார்.

ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர் வந்து சட்டையைப் பிடித்தபோதும் ஜக்கையன் மறுத்துப் பேசவில்லை. கை கூடிவிடுமா என்று மட்டும் சுஜாதாவிடம் கேட்டுவிட்டுப் போனான். இந்த நடிப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். இப்படியே விட்டிருந்தால் கை கோணலாகக் கூடியிருக்கும், ஏலக்காய் பறிக்க விரல் மடங்கியிருக்காது என்றார்.

சாயங்காலம் சுஜாதா கட்டைத் தட்டிப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

"இனி அந்தாளோட போகாத. உங்க ஆத்தா வீட்டுல போய் இரு."

"இந்தக் கட்டை இனிப் பிரிச்சிர மாட்டீகளே சிஸ்டர்?"

"எதுக்குப் பிரிக்கப் போறோம்?"

"அப்பச் சரி. வெரசா ஸ்டேஷனுக்குப் போன் போட்டு அவர விடச் சொல்லுங்க. கல்யாணமான நாள்ல இருந்து அந்த மனுஷன் எம்மேல கை வச்சதில்ல."

சுஜாதாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு கை எப்படி ஒடிந்தது என்று கேட்டாள்.

"ஏலத்தோட்டத்துச் சரிவுல வழுக்கி விழுந்தேன். முந்தாநாளே வந்து, அந்த ஜீப்புக்காரருக்குப் பின்னாடிதான் நின்னோம். இவ காய் எடுக்கப் போனாத்தான் எங்க வீட்டுல ஒலை கொதிக்கும்னு எம்புருஷன் கெஞ்சுனாரு. பொம்பளைக்கு என்ன அவசரம், கொரோனா முடியட்டும்னு திருப்பி அனுப்பிட்டீக. மாஸ்க் போட்டிருந்தோம்ல, உங்களுக்கு அடையாளம் தெரியல."

சுஜாதா போனை எடுத்து ஸ்டேஷன் நம்பரைத் தேடினாள்.

"இன்னைக்குக் காலைல அவருதான் சொன்னாரு. 'வழுக்கி விழுந்தேன்னு சொன்னா உள்ள விட மாட்டாக. நான் அடிச்சேன்னு சொல்லு.'"