பன் மாதிரி

பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரித்தான். அடுப்பைப் பற்ற வைத்தான். குக்கர் மூன்று விசில் அடித்ததும் அணைத்தான். மகளுக்கு இரட்டைப் பின்னல். ஒன்று மேலே ஏறியிருந்தது, ஒன்று கீழே. அவள் அப்படியே பள்ளிக்குப் போவாள்.

ஏழே முக்காலுக்குக் கட்டுரை நோட்டை நீட்டினாள்.

“கையெழுத்துப் போடுப்பா. மிஸ் திருத்தினதை அப்படியே பார்த்து எழுதினா ஆண்டு மலர்ல போடுவாங்களாம். இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

‘என் அம்மா.’ நான்காம் வகுப்பு, ஆ பிரிவு.

மகள் பென்சிலில் எழுதியிருந்தாள்.

அம்மா தும்மினால் எதிர்வீட்டு நாய் குரைக்கும்.

அதன்மேல் சிவப்புக் கோடு. ‘அம்மாவின் குரல் குயிலோசை போன்றது.’

அம்மா கையில் வெங்காய வாசமும் கோந்து வாசமும் வரும்.

கோடு. ‘அம்மாவின் கைகள் தாமரை மலர்கள்.’

கிட்னி கெட்டுப்போனதும் அம்மா முகம் பன் மாதிரி ஊதிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழும். மெதுவாக மேலே வரும். இன்னொரு தடவை அழுத்து என்று அம்மா சிரிப்பாள்.

இதற்குப் பெரிய பெருக்கல் குறி. ‘அம்மாவின் முகம் முழுநிலவு போன்றது.’

ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘வர்ணனை போதாது. படிப்பவர் கண்முன் அம்மா வந்து நிற்க வேண்டும்.’

வந்து நின்றாளே.

இந்தச் சமையலறை வாசலில், அந்த முகத்தோடு, நைட்டியில் மகளின் பள்ளிச் சார்ட்டுக்குத் தடவிய கோந்து காய்ந்திருக்க, வந்து நின்றாளே. நிலா, தாமரை, குயில் என்று மூன்றே வரியில் விரட்டிவிட்டார்கள்.

நோட்டு அவன் கையில் சுருண்டது. பள்ளிக்கே போய் அந்த மேசைமேல் வீசிவிட்டு வரலாம். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டான்.

அப்போதுதான் கடைசி வரியைப் பார்த்தான்.

பாப்பாவை நல்லாப் பார்த்துக்கங்க என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா கண்ணை மூடினாள்.

கோடு இல்லை. பக்கத்தில் பெரிய டிக். ‘அருமை! எல்லா வரியும் இப்படி இருக்க வேண்டும்.’

அது மகளின் வரி அல்ல.

மருத்துவமனை வாசலில் மாமியாரிடம் அவன் சொன்னது. பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னது. கேட்டுக் கேட்டு மகளுக்கு மனப்பாடம்.

அவள் கண்ணை மூடியபோது அந்த அறையில் அவனைத் தவிர யாரும் இல்லை.

மகளின் பெட்டியிலிருந்து பேனாவை எடுத்தான். அந்த வரியை அடித்தான். தாள் கிழிந்தது.

“அம்மா அப்படிச் சொல்லலையாப்பா?”

செருப்பைக் கழற்றினான். மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவளுடைய பென்சிலை வாங்கி, அம்மா சொன்னதைக் கிழிசலுக்குக் கீழே எழுதினான்.

“கொஞ்சம் தள்ளி உட்காருங்க. காத்தே வரல.”